ஆடில்லாத கூறு

அன்றைக்கு முனியப்பன் பாறையில் இருந்தவர்கள்: கல் குவாரியில் வேலை பார்த்தவர்கள் பதினோரு பேர், அவர்களில் மூத்தவர்கள் தீர்த்தகிரியும் அவன் தம்பி சென்றாயனும், கடலை உடைக்கும் பெண்கள் ஒன்பது பேர், அவர்களில் வாய் நீளமானவள் பொன்னுருவி, டீக்கடை குப்புராஜும் அவன் மனைவியும், பூசாரி காவேரி, பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அனுமந்தன், வளையல் விற்கும் அக்கா தங்கை இரண்டு பேர், இலை போட்டுக் கூறு எண்ணுவதற்கு நான், பாறையின் நடுவில், வழக்கமாக ஆட்டைக் கிடத்தும் பள்ளத்தில், கை கால் கட்டப்பட்டு மாதம்மாள். மொத்தம் இருபத்தெட்டு பேர். ஆடு இல்லை.

எங்கள் கொத்தம்பாறையில் கூறு போடும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததெல்லாம் அந்த முறைப்படிதான் நடந்தது. பாறைக்கு எத்தனை பேர் வந்து நிற்கிறார்களோ அத்தனை தேக்கிலை விரிக்க வேண்டும். வராதவருக்கு இலை இல்லை, வந்தவரில் ஒருவரையும் விடக் கூடாது, ஆட்டைக் கொடுத்தவருக்கும் ஒரு இலை உண்டு. ஈரல் என்றால் எல்லா இலையிலும் ஈரல், நெஞ்செலும்பு என்றால் எல்லா இலையிலும் நெஞ்செலும்பு. எண்ணுகிறவன் எல்லோருக்கும் முதுகைக் காட்டி, சூலம் நட்ட பாறைச்சுவரைப் பார்த்து நிற்பான். வெட்டுகிறவன் ஒரு கூறைத் தொட்டு “இது யாருக்கு?” என்று கேட்பான். எண்ணுகிறவன் பார்க்காமலே ஒரு பேர் சொல்வான். சொன்ன பேருக்கு அந்தக் கூறு, அதற்கு மேல் பேச்சில்லை. கடைசிக் கூறு போகும்வரை எண்ணுகிறவன் திரும்பக் கூடாது, திரும்பினால் கூறு செல்லாது. வெட்டுகிறவன் தீர்த்தகிரி, எண்ணுகிறவன் நான். எனக்கு மூன்றாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை, கூட்டத்தில் பேச வராது. முதுகைக் காட்டி நிற்கிற வேலை எனக்குப் பொருந்தியிருந்தது.

எங்கள் ஊர்த் தண்ணீர் பல்லைத் தின்னும். பால்பல் விழுந்து முளைக்கும் பல்லே துருப்பிடித்த தகரம் போல் முளைக்கும், கல்யாணத்துக்குள் குழி விழும், பிள்ளைகள் பிறப்பதற்குள் ஆடும். பல வருஷங்களுக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் ஒரு முகாம் போட்டு, வரிசையில் உட்காரவைத்து, ஆடினது ஆடாதது எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கினார்கள். வாளி வாளியாக ரத்தத் தண்ணீரை வேப்பமரத்தடியில் ஊற்றினார்கள், மரம் அந்த வருஷம் பூக்கவில்லை. பிடுங்கிய பற்களைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், மாதம்மாளின் வீட்டுச் சுவரை ஒட்டிக் குழி தோண்டிப் போட்டார்கள். பின்னால் நடந்ததற்கு அந்தக் குழிதான் காரணம் என்று சிலர் சொன்னார்கள். இருக்கலாம். எனக்குத் தெரியாது.

பிறகு அட்டைப் பெட்டிகளில் பல்செட்டுகள் வந்தன. ஒரே அளவு, ஒரே வெள்ளை. அந்தச் செட்டுகளைப் போட்டுக்கொண்டு ஊரே ஒரே சிரிப்பாகச் சிரித்தது. ஆனால் சண்டை மட்டும் அவரவர் சண்டையாகவே இருந்தது, வரப்புக்கு, குழாய்க்கு, குவாரியில் வெடி வைக்கிற முறைக்கு. யாராவது வாயிலிருந்து செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டால் எதிரே நிற்கிறவன் கல்லைத் தேட வேண்டும் என்று அர்த்தம். செட்டு உடைந்தால் மறுபடி கிடைக்காது என்பதால் கழற்றாமல் யாரும் யாரையும் அடித்ததில்லை. அப்படிக் கழற்றிக் கழற்றி அடித்துக்கொண்டே வயதானோம். வயதாக ஆக, முதலில் இறுக்கமாக இருந்த செட்டு ஆடத் தொடங்கியது, இருமினால் விழுந்தது, சாமி கும்பிடக் குனிந்தால் விழுந்தது, முகங்கள் மூக்குக்கும் மோவாய்க்கும் நடுவில் காலிப் பைபோல் மடிந்தன. பொன்னுருவி தன் செட்டுக்குள் துணி வைத்துத் தைத்தாள். சென்றாயன் தார் வைத்து ஒட்டி, அது ஈறோடு பிடித்துக்கொள்ள, அவன் அண்ணன் தீர்த்தகிரி கடப்பாரை நுனியால் நெம்பி எடுத்தான்; ஈறு கிழிந்து ஒரு சொம்பு ரத்தம் போனது.

அதற்கப்புறம்தான் அனுமந்தன் எங்களை டவுனுக்குப் பஸ்ஸில் அழைத்துப் போனான். மாதம்மாளை யாரும் கூப்பிடவில்லை. அவள் புருஷன் குவாரி வெடியில் போனதிலிருந்து எதற்கும் அவளைக் கூப்பிடுகிற வழக்கம் விட்டுப்போயிருந்தது. பல் டாக்டர் நிலோஃபர் சின்ன வயசு, கண்ணாடி போட்டிருந்தாள், எங்கள் தாடைகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வெளிச்சத்தில் மாட்டினாள்.

“பல் இருந்தாத்தாங்க எலும்புக்கு வேலை. வேலையில்லாத எலும்பு கரைஞ்சுடும். இத்தனை வருஷமா ஈறு மேலயே செட்டை வெச்சு மென்னதுல கீழ்த்தாடை சிலேட்டுக்குச்சி மாதிரி ஆயிருக்கு பாருங்க.”

“கரைஞ்சு எங்கம்மா போச்சு?” என்று கேட்டான் சென்றாயன்.

“உடம்போட போச்சுங்க.”

“அதான் எங்க? ஒரு பொருள் போச்சுன்னா அது போன எடம்னு ஒண்ணு இருக்கும்ல?”

டாக்டரம்மா சிரித்துவிட்டு, என்னென்ன செய்யலாம் என்று பொறுமையாகச் சொன்னாள். பழைய செட்டுக்கு அடியில் புது மெத்தை வைத்துக் கொஞ்ச காலம் ஓட்டலாம். கீழே முன்பக்கத்தில் எலும்பு மிஞ்சியிருக்கிறவர்களுக்கு இரண்டோ நாலோ திருகு இறக்கி, செட்டை அதில் பொத்தான் மாதிரி மாட்டலாம். அதற்கும் எலும்பு போதாதவர்களுக்கு எலும்பு வைத்து வளர்த்து, மாதக்கணக்கில் காத்திருந்து, பிறகு திருகு. மேல்தாடை முழுக்கக் கரைந்தவர்களுக்குக் கன்னத்து எலும்பில் நீளத் திருகு.

“வைக்கிற எலும்பு யாருதுங்க?” என்று கேட்டாள் பொன்னுருவி.

“உங்க இடுப்புலேர்ந்தே கொஞ்சம் எடுக்கலாம். சுத்தம் பண்ணின மாட்டெலும்பும் இருக்கு. ஆனா தன் எலும்பு தனக்கு நல்லாப் பிடிக்கும்.” பிறகு அவள் எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “ஒண்ணு சொல்றேன். யாரும் யாரையும் கன்னத்துல அடிச்சிடாதீங்க. ஒரு அறை போதும், முறிஞ்சிடும்.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பில் இரண்டு செட்டு விழுந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அனுமந்தன், ஊர் ஊராக நிறுத்தம் சொன்ன பழைய குரலில், “தன் எலும்பு தனக்கு, தன் எலும்பு தனக்கு” என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

அந்த வாரம் மாதம்மாளின் தாடை வளர்ந்தது. அவள் வேகவைத்த கடலை விற்றுக்கொண்டிருந்தபோது வாய்க்குள் செட்டு பட்டென்று இரண்டாக உடைந்தது, துப்பினாள். ஈறு பிளந்து, ரத்தம் மோவாயில் வழிந்து ரவிக்கையை நனைத்தது, ரத்தத்துக்கு நடுவில் ஒரு பல் நின்றது. கடலை வாங்க நின்ற பொன்னுருவி குனிந்து பார்த்தாள்.

“அண்ணி, வாயை இன்னும் திற. அய்யய்யோ! இது தீர்த்தகிரி அண்ணன் பல்லு! சென்றாயன் கடப்பாரையால அடிச்சு மூலை உடைஞ்சதே, அதே மூலை!”

பல் முளைத்ததில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. தண்ணீர் எதையும் செய்யும் என்பது எங்களுக்குத் தெரியும். யார் பல் என்பதுதான் பேச்சாக இருந்தது. ஒவ்வொரு நாளும் அவள் ஈறு ஒரு இடத்தில் கிழிந்தது, ஒவ்வொரு நாளும் ஒருவர் வந்து அவள் உதட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து “இது என்னுது” என்றார். குப்புராஜின் டீக்கறைப் பல், வளையல்கார அக்காவின் தெற்றுப்பல், தங்கையின் தெற்றுப்பல், பூசாரியின் வெற்றிலை ஏறிய பல். அவள் முகம் அகன்றது. மோவாய் ஆட்டுரல்போல் கனத்தது. எல்லாம் முளைத்து முடிந்தபோது பார்வைக்கு இருபத்தேழு. ஊரில் ஆளுக்கு ஒரு பல்.

“என் பல்லு எங்கடி? எனக்கு முன்னால பீடி நூல் கடிச்சு ஒரு வெட்டு விழுந்த பல்லு இருந்துதே. பின்னால ஏதோ குத்துது, அது யாருதுன்னு பாரேன்” என்று வருகிறவர்களை எல்லாம் மாதம்மாள் கேட்டாள். யாரும் அவரவர் பல்லைத் தாண்டி உள்ளே பார்க்கவில்லை.

ருசி விஷயத்தைக் கண்டுபிடித்தவன் தீர்த்தகிரி. குவாரியில் சுத்தியலைத் தூக்கி நின்றவன் வாயில் திடீரென்று மாங்காய் ஊறுகாய் இறங்கியது, கைச் சுத்தியல் காலில் விழுந்து நகம் பிய்ந்தது, நொண்டிக்கொண்டே ஓடி வந்து பார்த்தால் மாதம்மாள் ஊறுகாய் கடித்துக் கொண்டிருந்தாள், அவன் பல்லால். அன்றிலிருந்து அவள் வாசலில் கூட்டம். செட்டுப் போட்ட நாளிலிருந்து எதையும் கடிக்காதவர்கள், கூழையும் ஊறவைத்த ரொட்டியையுமே விழுங்கிக்கொண்டிருந்தவர்கள், கரும்பு கொண்டுவந்தார்கள், வறுத்த சோளம், முறுக்கு, கொய்யாக்காய், நல்லி எலும்பு, எதிரே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள்.

“அக்கா, இடது பக்கம் கடி. எனக்கு இடது.”

“மெதுவா மெல்லுடி, நான் இன்னும் முழுங்கலை.”

“எலும்பை உறிஞ்சாதே, உடை! உடைக்கிற சத்தம் எனக்கு வேணும்!”

எனக்கு மட்டும் அவ்வளவு வரவில்லை. என் பல் மேல்கடைவாயில், எதிரே எதுவும் வந்து படாத இடத்தில் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தாளிப்பது போல ஏதோ ஒன்று எப்போதாவது வரும். அதற்காக வாசலில் போய் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. போகவில்லை.

மென்று மென்று அவள் தாடை வீங்கியது. வாந்தி எடுத்தாள், வாயைத் துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினார்கள். “எனக்கு ஒண்ணும் ருசிக்கலைடா, மண்ணு மாதிரி இருக்குடா, விடுங்கடா” என்று அழுதாள். விடவில்லை. ஒரு நாள் சென்றாயன் ஆட்டுக்காலைத் திணித்தபோது அதைத் துப்பிவிட்டு, ஜன்னலில் இருந்த துணிச்சோப்பை எடுத்து அடிவரை கடித்து மென்றாள். ஊரில் இருந்த எல்லா வாயிலும் நுரை வந்தது. குவாரியில் துப்பினார்கள், டீக்கடையில் துப்பினார்கள், பூசாரி சாமிக்கு முன்னால் மணியைக் கீழே போட்டுத் துப்பினான்.

பிறகு வந்து அவளை அடித்தார்கள். கட்டையால் முதுகில் அடித்தார்கள், குவாரிச் செருப்போடு தொடையில் மிதித்தார்கள், பொன்னுருவி தலைமுடியைக் கையில் சுற்றிச் சுவரில் மோதப்போனாள்.

“ஏய், மூஞ்சில வேணாம்! தாடைல அடிக்காதே, என் பல்லு இருக்கு!” என்று நாலு பக்கமும் கத்தினார்கள். அதனால் கழுத்துக்குக் கீழே அடித்தார்கள். அவளுக்கு இரண்டு விலா எலும்பு போனது. அடித்த களைப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான் அனுமந்தன் சொன்னான்:

“அன்னிக்கு டாக்டரம்மாகிட்ட சென்றாயன் கேட்டான், எலும்பு போன எடம் எங்கன்னு. இதோ, இதான் எடம். நம்ம எல்லார் தாடையும் கரைஞ்சு இவ தாடைல வந்து நிக்குது. தன் எலும்பு தனக்கு நல்லாப் பிடிக்கும்னு அவங்களே சொன்னாங்க. இடுப்பை எதுக்கு வெட்டணும்? மாட்டெலும்பு எதுக்கு? நம்ம எலும்பை எடுத்துட்டுப்போய்க் குடுத்தா அவங்க வெச்சுட்டுப் போறாங்க.”

“ஒரே எலும்பா இருக்கே, எப்படிப் பிரிக்கிறது?” என்றான் குப்புராஜ்.

எல்லோரும் தீர்த்தகிரியைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

“பல்லு அவனவனுக்கு. எலும்பு கூறு” என்றான் தீர்த்தகிரி.

அப்படித்தான் அன்றைக்குப் பாறையில் ஆடில்லாமல் கூடினோம். நான் தேக்கிலைகளை ஈரத்துணியால் துடைத்து, நரம்பு கீழே வரும்படி, வரிசைக்கு ஏழாக நாலு வரிசை விரித்தேன். பொன்னுருவி வந்து எண்ணினாள்.

“ஏங்க, இருபத்தெட்டு வெச்சிருக்கீங்க? நாம இருபத்தேழுதானே?”

“ஆட்டுக்காரருக்கு ஒரு இலை உண்டு” என்றேன்.

“ஆடே இல்லை, ஆட்டுக்காரர் எங்க வந்தாரு?”

“ஆடே இலை கேக்குது போல” என்றான் சென்றாயன். சிரித்தார்கள்.

“பாறைக்கு வந்தவங்கள்ல யாரையும் விடக் கூடாது” என்றேன் நான். இவ்வளவு பேசியதற்கே எனக்கு மூச்சு வாங்கியது. இலையை எடுக்கக் குனிந்த பொன்னுருவியின் கையை, பள்ளத்தில் கிடந்த மாதம்மாளின் குரல் நிறுத்தியது.

“போட்ட இலையை எடுக்காதே, பொன்னுருவி. உங்க அண்ணன் செத்தப்பயும் எனக்கு எலை போடாமதான் சாப்பிட்டீங்க.”

பொன்னுருவி கையை எடுத்துக்கொண்டாள். காவேரி மணி அடித்தான். குவாரி ஆட்கள் நாலு பேர் மாதம்மாளின் தோளிலும் முழங்காலிலும் ஏறி உட்கார்ந்தார்கள். தீர்த்தகிரி ஆட்டுக்கத்தியைக் கல்லில் தீட்டி, குவாரிக் குறடு ஒன்றையும் பக்கத்தில் வைத்தான். நான் பாறைச்சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அதற்குப் பிறகு நடந்த எதையும் நான் பார்க்கவில்லை, கேட்டேன், எண்ணினேன்.

முறைப்படி, வெட்டுவதற்கு முன்னால் முதல் கூறுக்குப் பேர் கேட்க வேண்டும். தீர்த்தகிரி அவள் மோவாயில் கத்தியின் தட்டைப் பக்கத்தை வைத்திருப்பான். உலோகம் எலும்பில் தட்டும் சத்தம் கேட்டது.

“இது யாருக்கு?”

என் கண்ணுக்கு முன்னால் பாறையில் ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

“மாதம்மாளுக்கு” என்றேன்.

முதல் கூறு ஆட்டுக்காரருக்குப் போவதும் உண்டுதான். கத்தி அடுத்த இடத்துக்கு நகர்ந்தது.

“இது யாருக்கு?”

“மாதம்மாளுக்கு.”

“யோவ் இலைக்காரரே, பேரு மறந்துபோச்சா?” என்றது பெண்கள் பக்கம் ஒரு குரல்.

“இது யாருக்கு?” தீர்த்தகிரியின் குரல் இப்போது பல்லில்லாத குரலாக இல்லை.

“மாதம்மாளுக்கு. எல்லாம் மாதம்மாளுக்கு. அவ தாடை.”

முதுகில் முதல் கல் விழுந்தது. நான் திரும்பவில்லை. திரும்பினால் கூறு செல்லாது, நான் சொன்ன பேரும் செல்லாது. “இந்தாளு கூறு எனக்கு வேணாம், என் பல்லை நானே எடுத்துக்குவேன்!” என்று தீர்த்தகிரி கத்தியைக் கீழே எறிகிற சத்தமும், குறடு எடுக்கிற சத்தமும், அவன் கை அவள் வாய்க்குள் போய் அவள் தொண்டை அடைக்கிற சத்தமும் கேட்டன. பிறகு இருபத்தெட்டு பேரின் எலும்பால் ஆன தாடை மூடிக்கொண்ட சத்தம். அது குவாரியில் பாறை பிளந்து வாய் விடுகிற சத்தம்.

தீர்த்தகிரியின் வலது கட்டைவிரல் அடியோடு போனது. ஆனால் அவன் கத்துவதற்கு முன்னால் பாறை முழுக்க ஓர் அமைதி இறங்கியது, ஏனென்றால் எல்லோர் வாயிலும் ஒரே நேரத்தில் அந்த விரல் இருந்தது. நகம், வெடிமருந்து, வியர்வை, சூடான ரத்தம். தன் பல்லால் தன் விரலைக் கடித்ததும் தன் பல்லாலேயே கடிபட்டதும் தீர்த்தகிரி மட்டும்தான். மற்றவர்களுக்கு அது கறியாக இருந்தது. பல வருஷம் கழித்து வாயில் இறங்கிய நல்ல, பச்சைக் கறி. யாரோ ஒருவர் எச்சில் விழுங்கினார். அது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அப்போது சென்றாயன் சொன்னான்: “அண்ணா, உனக்கு உப்பு கம்மி.”

தீர்த்தகிரி செட்டைக் கழற்றினான். போட்டுக்கொள்ளச் சட்டைப்பை ரத்தமாக இருந்ததாலோ என்னவோ, பக்கத்தில் இருந்த தேக்கிலையில் அதை வைத்தான். இலை மேல் செட்டு விழும் சத்தம் மெல்லியது, ஆனால் எங்கள் ஊரில் அந்தச் சத்தத்துக்குத் தூங்குகிறவனும் எழுந்துகொள்வான். சென்றாயன் தன்னுடையதை வைத்தான். பொன்னுருவி வைத்தாள். ஒவ்வொருவராக, இலை இலையாக, இருபத்தாறு செட்டு விழுந்ததை எண்ணினேன். பிறகு அடித்துக்கொண்டார்கள்.

வெறும் கையால் அறைந்தேதான் அடித்துக்கொண்டார்கள், கையில் கல் எடுத்தவர்கள் மிகக் குறைவு. தீர்த்தகிரி சென்றாயனை அறைந்தான், காய்ந்த சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம். ஒன்று. அடுத்த நொடி, பள்ளத்துப் பாறையில் கூழாங்கல் விழுவது போல இன்னொரு சின்னச் சத்தம். அது என்னவென்று முதலில் எனக்குப் புரியவில்லை. குவாரி ஆட்களில் ஒருவனான சென்றாயனின் சம்பந்தி தீர்த்தகிரியை அறைந்தான், சுள்ளி. இரண்டு. மறுபடி கூழாங்கல். ஒருவர் தாடை முறியும்போது அவருடைய பல் மாதம்மாளின் வாயிலிருந்து கழன்று விழுகிறது என்று மூன்றாவது சத்தத்தில் தெரிந்துகொண்டேன்.

வரப்புக்காக அடித்தார்கள், குழாய்க்காக அடித்தார்கள், கடன் கேட்டு வாசலில் நிறுத்திய அவமானத்துக்காக அடித்தார்கள். குப்புராஜின் மனைவி குப்புராஜை அடித்தாள், காரணம் கேட்க அவனுக்கு நேரமில்லை. வளையல்கார அக்கா தங்கைகள் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் அறைந்தார்கள், இரண்டு சுள்ளி ஒன்றாக ஒடிந்தன, வளையல்கள் நொறுங்கின, இரண்டு தெற்றுப்பல் அடுத்தடுத்து விழுந்தன. அந்த இடத்தில் எண்ணிக்கை தவறாமல் இருக்க நான் விரலை மடக்கிக்கொண்டேன். “நிறுத்துங்க, டாக்டரம்மா சொன்னாங்க” என்று குறுக்கே ஓடிய அனுமந்தனின் குரல் பாதிச் சொல்லில் ஒடிந்தது. காவேரி மணியாலேயே அடித்தான், மணியாலேயே அடிபட்டான். என் முதுகிலும் அடிகள் விழுந்தன, தோள்பட்டை பிசகியது, ஆனால் என் முகம் சுவரோடு இருந்ததால் யார் கையும் என் கன்னத்துக்கு எட்டவில்லை. கடைசியாகப் பொன்னுருவியின் குரல் மட்டும் கேட்டது, யாரையோ தேடி, “இன்னும் யாருடி இருக்கா? இன்னும் யாருடி?” என்று. வழுக்கினாள். ரத்தமாக இருந்திருக்கும். பாறையில் மோவாய் மோதியது. இருபத்தாறு. கூழாங்கல். இருபத்தாறு.

கேட்பதற்கு எந்தக் கூறும் மீதி இல்லாததால் நான் திரும்பினேன். ஏழேழாக நாலு வரிசை இலைகள் ஒன்றுகூடக் கலையாமல் இருந்தன. இருபத்தாறு இலையில் செட்டுகள் வெள்ளையாகச் சிரித்துக்கொண்டிருந்தன. சுற்றிலும், முகத்தின் கீழ்ப்பாதியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கத்தவும் முடியாமல், ஊர் உட்கார்ந்திருந்தது. கைகளுக்கு இடையில் எச்சிலும் ரத்தமும் நூலாகத் தொங்கின. மாதம்மாள் பள்ளத்தில் எழுந்து உட்கார்ந்து, மடியில் விழுந்த பற்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கயிற்றை அவிழ்த்தேன். ஒரு கை வேலை செய்யாததால் நேரமானது. அவள் ஒவ்வொரு பல்லாக எடுத்து, யாருடையது என்று கேட்காமலே, அவரவர் செட்டு இருந்த இலையில் கொண்டுபோய் வைத்தாள். தன்னை அடித்தவர்களின் பற்களை நாவால் தடவித் தடவி அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தீர்த்தகிரியின் இலையில் பல்லோடு விரலையும் வைத்தாள்.

டவுன் ஆஸ்பத்திரிக்கு இரண்டு லாரியில் கொண்டுபோனோம். பாறை சரிந்தது என்று போலீசுக்கு எழுதிக் காட்டினார்கள், பேச வாய் இல்லை. டாக்டர் நிலோஃபர் தாடைகளைத் தகடும் கம்பியும் வைத்துக் கட்டினாள். சிலேட்டுக்குச்சிகளில் ஆணி இறங்காத இடங்களுக்கு அவரவர் இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்தாள். தன் எலும்பு தனக்கு நன்றாகத்தான் பிடித்தது. உறிஞ்சுகுழலில் கஞ்சி குடித்துக்கொண்டு இருபத்தாறு பேரும் வரிசையாகப் படுத்திருந்தார்கள். அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருந்த தீர்த்தகிரியும் சென்றாயனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே குடித்தார்கள்.

மாதம்மாளின் தாடை மெல்ல மெல்ல வடிந்து பழைய அளவுக்கு வந்தது. டாக்டரம்மா அவளைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, “கடைவாய்ல மட்டும் நல்ல எலும்பு நிக்குதும்மா. மத்த இடத்துக்கு நல்ல செட்டு ஒண்ணு பண்ணித் தரேன். வேற என்ன பண்ணலாம்னும் சொல்றேன்” என்றாள்.

“இப்ப வேணாம்மா” என்றாள் மாதம்மாள்.

ஊருக்குத் திரும்பி, அவள் வீட்டு வாசலைக் கழுவிவிட்டு, அடுப்பில் கடலை வறுத்தாள். நான் என் வீட்டில், தெருவுக்கு எதிர்ப்பக்கம், தோளில் கட்டோடு உட்கார்ந்திருந்தேன். அவள் ஒரு கடலையை எடுத்து, ஊதி, கூட்டம் கலைந்துபோன வாயில், பின்னால், இத்தனை நாளும் குத்திக்கொண்டிருந்த இடத்தில் வைத்தாள். அங்கே ஈறுக்குள் குட்டையாக, மற்ற பற்களின் நெரிசலில் எதையும் தொட முடியாமல் ஒன்று நின்றிருந்தது. யாரும் எட்டிப் பார்க்காதது. முன்னால் இருக்கும் என்று அவள் தேடிய பல் இல்லை அது, ஆனாலும் அவளுடையது. அதற்கு நேர் மேலே என்னுடையது. கடித்தாள்.

என் வாயில் சூடாக, கொஞ்சம் தீய்ந்த, உப்புப் போட்ட கடலை உடைந்தது. எதிரே அவள் அசையாமல் உட்கார்ந்து, கண்கள் விரிந்து, மென்றாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

“உப்பு சரியா இருக்காங்க?”

நான் தலையை ஆட்டினேன். அவள் இன்னொரு கடலை எடுத்தாள்.

மேலே ஒன்று, கீழே ஒன்று. மிச்சம் இரண்டு.